தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய நரம்புச் சிதைவு: எம்.ஆர்.ஐ. அளவீடுகள் குறித்த ஒரு திறனாய்வு

தண்டுவடத்தில் அடிபடும்போது சேதம் அடிபட்ட இடத்தோடு நின்றுவிடுவதில்லை. கழுத்தில் நசுங்கிய சிறு பகுதியிலிருந்து மேலே மூளை வரையிலும் கீழே இடுப்புப் பகுதி வரையிலும் நரம்பிழைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே போகின்றன. இந்த மெதுவான சிதைவை உடலைத் திறக்காமலே எம்.ஆர்.ஐ. கருவியால் அளக்க முடியும் என்று கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் கூறி வருகின்றனர். அந்தக் கூற்றில் எந்தப் பகுதி நிறுவப்பட்டது, எந்தப் பகுதி இன்னும் ஊகம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்தக் கேள்விக்கு நடைமுறை மதிப்பு உண்டு. தண்டுவடக் காயத்தின் கடுமையை இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் கையால் சோதித்தே கணிக்கின்றனர். உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்து முக்கியத் தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவர். ஊசிமுனையாலும் பஞ்சாலும் தொட்டு உணர்வைச் சோதிப்பர். முடிவில் ஏ முதல் இ வரையிலான ஐந்து தரங்களில் ஒன்றைக் கொடுப்பர். விபத்து நடந்த முதல் நாள்களில் நோயாளி மயக்கத்திலோ கடும் வலியிலோ இருந்தால் இச்சோதனையைச் சரிவரச் செய்ய இயலாது. ஒரே தரத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் ஓராண்டில் கைகளை அசைக்கக்கூடும். மற்றவர் அப்படியே இருந்துவிடக்கூடும். ஒரு புதிய மருந்து பயன் தருகிறதா என்று சோதிக்கும்போது இந்த வேறுபாடு முடிவையே குழப்பிவிடும். ஆகவே, கண்ணால் காணாத சிதைவுக்கு ஓர் எண் தேவைப்படுகிறது. தேவை உண்மையானது என்பதாலேயே, கிடைத்த எண்ணையெல்லாம் நம்பிவிடும் ஆபத்தும் உள்ளது.

சிதைவு என்று எதைச் சொல்கிறோம்

1850-இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அறுத்து, அறுபட்ட இடத்துக்கு அப்பாலுள்ள பகுதி சில நாள்களில் துண்டுதுண்டாக உடைவதைக் கண்டார். செல்லின் உடலிலிருந்து பிரிந்துபோன ஆக்சான் பிழைக்காது. இதுவே வாலரியச் சிதைவு. தண்டுவடத்தில் இதற்கு ஒரு திசை ஒழுங்கு உண்டு. உணர்வுச் செய்தியை மேலே கொண்டுசெல்லும் பின்கற்றைகள் காயத்துக்கு மேற்புறம் சிதையும். மூளையிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை காயத்துக்குக் கீழ்ப்புறம் சிதையும்.

இதோடு முடிந்தால் எளிதாக இருந்திருக்கும். அறுபட்ட ஆக்சானின் எஞ்சிய அடிப்பகுதியும் மெல்லப் பின்வாங்கும். அதனால் காயத்துக்கு மேலேயும் இயக்கப் பாதை மெலியும். அந்த ஆக்சானிடமிருந்து செய்தி பெற்றுவந்த அடுத்த செல்களும் வேலையிழந்து சுருங்கலாம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் நடக்கின்றன. ஆக்சான் முதலில் உடைகிறது. அதைச் சுற்றியிருந்த மயலின் உறை பின்னர் உடைகிறது. உடைந்த கழிவு அகற்றப்பட வெகுகாலம் ஆகிறது. காலியான இடத்தைத் தழும்புத் திசு நிரப்புகிறது. கை கால்களில் ஓடும் நரம்புகளில் இந்தக் கழிவு சில வாரங்களில் துப்புரவாகிவிடும். தண்டுவடத்தில் அப்படியில்லை. 2004, 2005 ஆண்டுகளில் ‘பிரெய்ன்’ இதழில் வெளிவந்த மனிதத் திசு ஆய்வுகள், காயமுற்று மூன்றாண்டு வரை கூட மயலின் புரதங்கள் சிதைந்த பாதைகளில் எஞ்சியிருப்பதைக் காட்டின. ஆக்சான்களோ அதற்கு வெகு முன்பே அழிந்திருந்தன. எம்.ஆர்.ஐ. பற்றிய எந்த விவாதத்திலும் இந்த ஒரு செய்தியை மறக்கலாகாது.

கருவி காண்பது நீரை

எம்.ஆர்.ஐ. கருவி ஆக்சானையோ மயலினையோ நேரடியாகப் பார்ப்பதில்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப் புலத்தில் தரும் சைகையைப் பதிவுசெய்கிறது. அந்தச் சைகை எவ்வளவு விரைவில் மங்குகிறது, நீர் எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்பவற்றிலிருந்து திசுவின் நிலை ஊகிக்கப்படுகிறது. தண்டுவடம் இதற்கு வசதியான இடமும் அன்று. குறுக்களவில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். சுற்றிலும் இதயத் துடிப்புக்கேற்பத் ததும்பும் திரவம். அதைச் சுற்றி எலும்பு. அருகே மூச்சுக்கேற்ப விரிந்து சுருங்கும் நுரையீரல். நரம்புப் பாதைகளை ஆராயும் படங்களில் வாக்செல் எனப்படும் மிகச்சிறு படக்கூறுகூட வழக்கமாக 1 மி.மீ. அகலமும் 5 மி.மீ. நீளமும் கொண்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான ஆக்சான்கள் அடங்கும். அவற்றில் எத்தனை செத்தன, எத்தனை உறையை மட்டும் இழந்தன, எத்தனை நலமாக உள்ளன என்ற கணக்கை ஒரே எண்ணில் எதிர்பார்ப்பது மிகையான எதிர்பார்ப்பு.

இத்துறையின் அடித்தளமாக அமைந்த ஆய்வுகளில் ஒன்று 1995-இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் வெளிவந்தது. பெசெர்ராவும் அவருடன் பணியாற்றியோரும் இறந்தவர்களின் 24 தண்டுவடங்களை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து, பிறகு அதே தண்டுவடங்களை நுண்ணோக்கியில் ஒப்பிட்டனர். காயமுற்று ஏழு வாரங்களுக்கு மேல் வாழ்ந்தவர்களில், காயத்துக்கு மேலே பின்கற்றைகளிலும் கீழே இயக்கப் பாதையிலும் சைகை கூடியிருந்தது. வாலர் சொன்ன திசைப்படியே அமைந்த இந்தப் பொருத்தம், படத்தில் தெரிவது சிதைவுதான் என்பதற்கு வலுவான சான்று. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. காயமுற்று முதல் இரு வாரங்களுக்குள் இறந்தவர்களில் நுண்ணோக்கி சிதைவைக் காட்டியது; எம்.ஆர்.ஐ. காட்டவில்லை. பிற்காலக் கட்டுரைகள் முதல் பாதியை எடுத்துக்கொண்ட ஆர்வத்தோடு இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சிகிச்சை முடிவுகள் எடுக்கப்படும் நாள்கள் அந்த இரண்டாம் பாதியில்தான் வருகின்றன.

தடிமன்: எளிய அளவு, கடினமான அளத்தல்

உயிரோடிருப்பவர்களில் சிதைவைத் தொடர்ந்து அளந்த ஆய்வுகளில் சூரிக் நகரின் பால்கிரிஸ்ட் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த பாட்ரிக் ஃப்ராய்ண்ட் குழுவின் பணி முதன்மையானது. 2013-இல் ‘லான்செட் நியூராலஜி’ இதழில் வெளிவந்த அவர்களது ஆய்வு, புதிதாகக் காயமுற்ற 13 பேரையும் நலமான 18 பேரையும் ஓராண்டு பின்தொடர்ந்தது. அவர்கள் அளந்தது மிக எளிய ஒன்று: காயத்துக்கு வெகு மேலே, கழுத்தின் உச்சியில், தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு. நலமானவர்களில் அது மாறவில்லை. காயமுற்றவர்களில் மாதத்துக்குச் சுமார் அரை சதுர மில்லிமீட்டர் வீதம் குறைந்தது. குறைவு சிறிதாக இருந்தவர்கள் அன்றாட வேலைகளில் கூடுதலாகத் தேறினர்.

இந்த அளவின் சிறப்பு அதன் நேர்மை. பரப்பு குறைந்தது என்றால் திசு குறைந்தது என்று பொருள். எந்தத் திசு என்று அது சொல்வதில்லை. சொல்வதாகப் பாவனையும் செய்வதில்லை. வடிவமும் ஓரளவு துப்புத் தரும். பின்கற்றைகள் தண்டுவடத்தின் பின்புறத்தில் இருப்பதால் அவை மெலிந்தால் முன்பின் அகலம் குறையும். இயக்கப் பாதை பக்கவாட்டில் இருப்பதால் அது மெலிந்தால் இடவல அகலம் குறையும். கோபன்ஹேகனில் லுண்டெல் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் முன்பின் அகலம் உணர்வு இழப்போடும், இடவல அகலம் இயக்க இழப்போடும் தனித்தனியே ஒத்துப்போயின. உடற்கூறு அறிந்த எவரும் எதிர்பார்க்கும் விடையே கிடைத்தது என்பது இதன் பலம்.

பலவீனம் அளவில் இருக்கிறது. தண்டுவடத்தின் மேற்பகுதிப் பரப்பு 75 சதுர மி.மீ. என்று வைத்துக்கொண்டு அதை ஒரு வட்டமாகக் கருதினால் ஆரம் 4.9 மி.மீ. ஓராண்டில் ஐந்தரை சதுர மி.மீ. குறைந்தபின் ஆரம் 4.7 மி.மீ. அதாவது ஓராண்டுச் சிதைவு முழுவதும், விளிம்பில் 0.2 மி.மீ. நகர்வாகத் தெரியும். படத்தின் ஒரு புள்ளி 1 மி.மீ. என்றால் இது அதில் ஐந்தில் ஒரு பங்கு. விளிம்பிலுள்ள சாம்பல் நிறப் புள்ளிகளில் எவ்வளவு தண்டுவடம், எவ்வளவு திரவம் என்று மென்பொருள் எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். கழுத்தின் சாய்வும் தொல்லை தரும். தண்டுவடத்தை 15 பாகை சாய்வாக வெட்டிய படத்தில், திருத்தம் செய்யாவிட்டால், பரப்பு மூன்றரை விழுக்காடு கூடுதலாகத் தெரியும். இது ஓராண்டுக் குறைவில் கிட்டத்தட்டப் பாதி. ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே மென்பொருள் என்று கட்டுப்படுத்தி, பலரின் சராசரியை எடுக்கும்போது இப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒரே ஒருவரை வேறு வேறு ஊர்களில் இரண்டு முறை படமெடுத்துக் கழித்துப் பார்த்தால் அந்த ஈடுசெய்தல் கிடைக்காது.

பெயர்கள் தரும் மயக்கம்

தடிமன் போதாது என்று கருதியோர் திசுவின் உள்ளமைப்பை நோக்கித் திரும்பினர். டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங், சுருக்கமாக டி.டி.ஐ., நீர் எந்தத் திசையில் எளிதாக விரவுகிறது என்று அளக்கிறது. ஆக்சான்கள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருந்தால் நீர் நெடுக்கில் எளிதாகவும் குறுக்கில் தடைபட்டும் நகரும். சிதைந்தால் அந்த ஒழுங்கு குலையும். தண்டுவடக் காயத்துக்குப் பின் திசைச்சார்பு எண் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கிடைத்த முடிவு, அதில் ஐயமில்லை.

ஐயம் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. நெடுக்கு விரவல் குறைந்தால் ஆக்சான் சேதம், குறுக்கு விரவல் கூடினால் மயலின் சேதம் என்ற எளிய வாய்பாடு பல கட்டுரைகளில் அப்படியே எடுத்தாளப்படுகிறது. 2002-இல் ஷெங்-க்வெய் சாங் குழுவினர் மயலின் சரியாக உருவாகாத ஒரு வகை எலியில் குறுக்கு விரவல் மட்டும் கூடியிருப்பதைக் காட்டினர். அந்த எலியில் ஆக்சான்கள் நலமாக இருந்தன. அதனால் விடை தெளிவாக வந்தது. நசுங்கிய தண்டுவடத்தில் ஆக்சான் முறிவும், உறைச் சிதைவும், வீக்கமும், தழும்பும் ஒரே வாக்செலுக்குள் ஒன்றாக நடக்கின்றன. அதற்கு முன்பே, 1994-இல், பொலியூவும் ஆலனும் மயலினே இல்லாத கார் மீனின் மோப்ப நரம்பிலும் நீர் விரவல் திசைச்சார்போடு இருப்பதைக் கண்டிருந்தனர். திசைச்சார்பை மயலினின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. 2009-இல் கிளாடியா வீலர்-கிங்ஷாட், மாரா செர்சிக்னானி இருவரும், இரைச்சல் மிகுந்த படங்களிலும் இழைகள் குறுக்கிடும் இடங்களிலும் ‘நெடுக்கு’, ‘குறுக்கு’ என்று கணக்கு காட்டும் திசைகள் உண்மையான இழைத்திசையோடு பொருந்தாமல் போகலாம் என்று விளக்கினர். அந்தக் கட்டுரை மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் அறிவுரைதான் அந்த அளவுக்குப் பின்பற்றப்படுவதில்லை.

மயலினுக்கென்றே உருவான முறையும் தப்பவில்லை. மயலின் அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரின் சைகை விரைவாக மங்கும். அதைப் பிரித்து அளப்பது மயலின் நீர்ப் படமெடுப்பு. இதை வான்கூவரின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 1990-களில் வளர்த்தெடுத்தனர். அங்கேயே, எலியின் பின்கற்றைகளை அறுத்துச் செய்த சோதனைகளில் வேடிக்கையான ஒன்று தெரியவந்தது. அறுத்து மூன்று வாரமான நிலையில் ஆக்சான்கள் சிதைந்திருந்தும் மயலின் நீரின் அளவு குறையவில்லை. எட்டு வாரத்தில்தான் குறைந்தது. காரணம், உடைந்த மயலின் குப்பையும் தன் அடுக்குகளுக்கிடையே நீரை வைத்திருந்தது. கருவிக்குக் குப்பையும் உறையும் ஒன்றே. தாம் முன்னெடுத்த முறையின் குறையைத் தாமே வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டுக்குரியது. எலியில் எட்டு வாரத்தில் கழியும் குப்பை மனிதரில் மூன்றாண்டு வரை தங்கும் என்ற திசு ஆய்வு முடிவையும் சேர்த்துப் பார்த்தால், காயமுற்ற ஆறாம் மாதத்தில் ஒரு நோயாளியின் ‘மயலின் வரைபடம்’ இயல்பாகத் தெரிவதால் அவரது நரம்பு உறை நலமாக உள்ளது என்று எவரும் உறுதி கூற முடியாது என்பது விளங்கும்.

‘மயலின் வரைபடம்’, ‘ஆக்சான் ஒருமைப்பாடு’ போன்ற பெயர்களே சிக்கலின் ஒரு பகுதி. அளக்கப்படும் இயற்பியல் பண்பின் பெயரைச் சொல்லாமல், ஊகிக்கப்படும் உயிரியல் பொருளின் பெயரை எண்ணுக்குச் சூட்டும்போது ஊகம் அளவீடாக மாறிவிடுகிறது.

உலோகமும் ஒத்திசைவும்

காயமுற்றோரில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பை நிலைநிறுத்த டைட்டேனியம் திருகுகளும் தண்டுகளும் பொருத்தப்படுகின்றன. டைட்டேனியம் எம்.ஆர்.ஐ.க்குள் பாதுகாப்பானதுதான், என்றாலும் அருகிலுள்ள காந்தப் புலத்தைக் குலைக்கிறது. சாதாரணப் படங்கள் ஓரளவு தாங்கும், டி.டி.ஐ. படங்கள் வளைந்து நெளிந்துவிடும். காயத்திலேயே அளக்க முடியாததால்தான் ஆய்வாளர்கள் காயத்துக்கு வெகு மேலே கழுத்தின் உச்சியில் அளக்கின்றனர். தொலைவுச் சிதைவை ஆராயும் துறை இந்தளவு வளர்ந்ததில் இந்த நிர்ப்பந்தத்துக்கும் பங்குண்டு. நீண்ட நேரம் அசையாமல் படுக்க முடியாதவர்களும், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களும் இவ்வாய்வுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. முடிவுகள் தாங்கக்கூடியவர்களின் முடிவுகளாகவே அமைகின்றன.

மையத்துக்கு மையம் வேறுபடும் படமெடுப்பு முறையை ஒழுங்குபடுத்த மாண்ட்ரியலின் ஜூலியன் கோஹன்-அடாட் முன்னின்ற கூட்டுமுயற்சி 2021-இல் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டது. 42 மையங்களில் 260 பேரிடம் எடுத்த படங்களை யாரும் இறக்கிப் பார்க்கலாம். இத்துறைக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள நன்கொடைகளில் இது ஒன்று. அந்த 260 பேரும் நலமானவர்கள், திருகு இல்லாதவர்கள்.

திசுப் பாலங்கள்

கணிப்பில் இதுவரை அதிகம் நிலைபெற்றிருப்பது எந்தச் சிறப்பு முறையும் வேண்டாத ஓர் அளவு. காயமுற்று ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, வீக்கமும் இரத்தக்கசிவும் தணிந்தபின், எந்த மருத்துவமனையிலும் எடுக்கும் டி2 படத்தில், தண்டுவடத்தின் நடுவே நெடுக்காக வெட்டிய ஒரு படம் போதும். காயத்தால் உண்டான நீர்க்குழிக்கு முன்னும் பின்னும் எஞ்சியிருக்கும் திசுவின் அகலத்தை மி.மீ. கணக்கில் அளக்கின்றனர். இதுவே திசுப் பாலம். சூரிக், ஜெர்மனியின் முர்னாவ், அமெரிக்காவின் டென்வர் ஆகிய மூன்று மையங்களில் கழுத்துக் காயமுற்ற 227 பேரின் படங்களைக் கொண்டு 2024-இல் ‘லான்செட் நியூராலஜி’யில் வெளியான ஆய்வில், பாலம் அகலமாக இருந்தவர்கள் கூடுதலாகத் தேறினர். இந்த அளவைச் சேர்த்துக்கொண்டபோது கைச்சோதனையை மட்டும் நம்பிய கணிப்பைவிடக் கணிப்பு மேம்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. சிதைவை அளக்கப் புறப்பட்ட துறைக்கு, சிதையாமல் எஞ்சியதை அளந்தபோதே நல்ல விடை கிடைத்தது. அழிந்துபோன இழைகளை நுட்பமாக எண்ண முயல்வதைவிட எஞ்சிய பாலத்தை அளவுகோல் வைத்து அளப்பது பயன் தந்திருக்கிறது. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. அந்த ஆய்வு பழைய படங்களைத் திரும்பிப் பார்த்தது. நடுவெட்டுப் படத்தில் பக்கவாட்டு இயக்கப் பாதை விழுவதே இல்லை. பாலமாகத் தெரியும் திசுவில் உயிருள்ள ஆக்சான்கள் எத்தனை, தழும்பு எவ்வளவு என்று டி2 படம் பிரித்துச் சொல்லாது.

மருந்துச் சோதனைகளில் இந்த அளவுகள் முதலில் இடம்பிடிப்பது இயல்பே. நோகோ-ஏ என்ற, நரம்பு வளர்ச்சியைத் தடுக்கும் புரதத்துக்கு எதிரான மருந்தை ஐரோப்பாவில் சோதித்தபோது, பங்கேற்ற அனைவரையும் சேர்த்துப் பார்த்த முதன்மை அளவில் பயன் நிறுவப்படவில்லை. முழுமையற்ற காயம் கொண்டவர்களில் பயனின் அறிகுறி தெரிந்தது. யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதைத் தொடக்கத்திலேயே படத்தைக் கொண்டு பிரித்திருந்தால் விடை தெளிவாகியிருக்குமா என்ற கேள்விக்கு வருங்காலச் சோதனைகளே பதில் தர வேண்டும். பயன்பாட்டின் சரியான இடம் அதுதான்: நூற்றுக்கணக்கானவர்களின் சராசரி, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுமுறை, ஒரே நெறிமுறை.

தனி நோயாளியின் கையில் வரும் படத்தின் கதை வேறு. டி.டி.ஐ.யிலிருந்து கணினி வரைந்து தரும் வண்ண நரம்புப் பாதைப் படங்கள் கண்ணைக் கவரும். அட்டைப்படத்துக்கு மிகப் பொருத்தம். அவற்றில் தெரியும் கோடுகள் நரம்பிழைகள் அல்ல. குறிப்பிட்ட வரம்பு எண்ணை வைத்துக் கணினி போட்ட கோடுகள். வரம்பைச் சற்றுத் தளர்த்தினால் அறுந்த பாதை இணைந்ததுபோலத் தெரியும். இறுக்கினால் இணைந்த பாதை அறுந்ததுபோலத் தெரியும். இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஏற்றுவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி ஏற்கப்பட்ட சிகிச்சை அன்று. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யத்தக்கது. அத்தகைய சிகிச்சைக்கு ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு வண்ணப் படங்களை யாரேனும் காட்டினால், குடும்பத்தினர் கேட்க வேண்டிய கேள்விகள் சில: இரண்டும் ஒரே கருவியில் எடுக்கப்பட்டவையா, வரம்பு எண் இரண்டிலும் ஒன்றா, சிகிச்சை பெறாத ஒருவருக்கு அதே இடைவெளியில் எடுத்த படம் எப்படி இருந்தது, கைச்சோதனையின் மதிப்பெண் மாறியதா. கடைசிக் கேள்விக்கு எம்.ஆர்.ஐ. அறையில் பதில் கிடைக்காது; நோயாளியின் கட்டிலருகே, தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் மருத்துவரிடம்தான் கிடைக்கும்.